மலையைச் சுற்றி வந்த சீமாட்டி



நம் குடும்பங்களில் பாட்டிமார் காலந்தொட்டு வழங்கிவரும் பெண்பெயர்களுள் ஒன்று காத்தூன். பழைய திருமணப் பதிவேடுகளைப் புரட்டினால் எத்தனையோ காத்தூன் பீவிகளைக் காணலாம். துருக்கிய இனத்தார் தம் அரசியரையும் உயர்குடிப் பெண்டிரையும் குறிக்க வழங்கிய இச்சொல், பாரசீகத்தின் வழியாகவும் உருதுவின் வழியாகவும் பயணம் செய்து நம் வீட்டு முற்றம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. 'சீமாட்டி' என்பது இதன் பொருள்.

இதே சொல்லைத் தன் பெயராகத் தாங்கிய ஓர் ஆறு உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்களா? அது ஓடுவது அரபு நாட்டிலோ துருக்கியிலோ அன்று. உறைபனிக்கும் ஊசியிலைக் காடுகளுக்கும் பெயர்பெற்ற சைபீரியாவின் தென்கோடியில், அல்தாய் மலைத்தொடரின் நடுவே அது பாய்கின்றது. ரஷ்யர்கள் அதனைக் கத்தூன் என்கின்றனர். அம்மலைகளின் பழங்குடியினரான அல்தாய் மக்கள் 'கதீன்' என்கின்றனர். அவர்கள் பேசுவதும் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழியே. ஆகவே ஆற்றின் பெயருக்கும் நம் பாட்டியின் பெயருக்கும் பொருள் ஒன்றே என்று கொள்ளப்படுகிறது.

இந்தச் சீமாட்டி எங்கே பிறக்கிறாள், எவ்வழியே நடக்கிறாள், அவளைச் சிறைப்படுத்த முனைந்தோர் யாவர், அம்முயற்சி எங்ஙனம் நின்றது என்பனவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

பிறப்பிடம்

ரஷ்யா, கஜகஸ்தான், சீனா, மங்கோலியா ஆகிய நான்கு நாடுகளும் நெருங்கி வரும் இடத்தில் அல்தாய் மலைகள் அமைந்துள்ளன. அவற்றுள் யாவற்றினும் உயர்ந்தது பெலூகா என்னும் சிகரம். ரஷ்யாவுக்கும் கஜகஸ்தானுக்கும் இடையே எல்லைக்கல் போல் நிற்கும் இதன் உயரம் 4,500 மீட்டரைச் சற்றுக் கடந்தது. ஆண்டு முழுவதும் வெண்பனி போர்த்தி நிற்பதால், ரஷ்ய மொழியில் வெண்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்து இதற்குப் பெலூகா என்ற பெயர் வந்தது. அல்தாய் மக்களோ இதனைக் 'கதீன் பாஜி' என்றும் அழைப்பர். 'கத்தூனின் தலை' என்பது அதன் பொருள். ஆறு எங்கே பிறக்கிறது என்று நிலநூலார் எழுதி வைப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, மலையின் பெயரிலேயே அம்மக்கள் அதனைப் பதிந்து வைத்திருந்தனர்.

வெளியுலகுக்கு இதனை அறிவித்தவர் ஒரு மருத்துவர். ஜெர்மனியில் பிறந்து, பர்னவுல் நகரில் ரஷ்ய அரசின் சுரங்கத் துறையில் மருத்துவப் பணியாற்றிய பிரெடெரிக் கெப்ளர் என்பவர், தாவரங்களையும் பூச்சியினங்களையும் சேகரிப்பதில் பெரும் ஆர்வம் கொண்டவர். அவர் 1835ஆம் ஆண்டு பெலூகாவின் தெற்குச் சரிவை அடைந்து, அங்கே ஒரு பனியாற்றின் அடியிலிருந்து கலங்கிய நீர் வெளிப்பட்டு ஓடுவதைக் கண்டார். அதுவே கத்தூனின் தலையூற்று. அப்பனியாறு இன்றும் கெப்ளரின் பெயரால் அழைக்கப்படுகிறது.

பனியாறு என்றால் என்னவென்று இல்லத்துச் சிறார் கேட்கக்கூடும். உயர்ந்த மலைகளில் பெய்யும் பனி உருகித் தீருமுன் அடுத்த ஆண்டின் பனி அதன்மேல் பெய்துவிடுகிறது. இவ்வாறு அடுக்கடுக்காகச் சேர்ந்து, தன் எடையாலேயே இறுகிக் கட்டியாகி, சரிவில் மிக மெதுவாக நகரும் பனிப்பாளமே பனியாறு. நகரும்போது அது தன் அடியிலுள்ள பாறைகளை அரைத்து மாவாக்குகிறது. அந்தக் கல்மாவு கலந்த நீர் பால்போல் வெளுத்திருக்கும். கத்தூன் தன் பயணத்தைத் தொடங்குவது இந்தப் பால்நிற நீரோடுதான்.

வடக்கே செல்லத் தெற்கே தொடங்கியவள்

இனி இவ்வாற்றின் போக்கினைக் கவனியுங்கள். வீட்டில் உலகப் படநூல் இருப்பின் எடுத்து வைத்துக்கொள்வது நலம்.

கத்தூனின் நீர் இறுதியில் சென்று சேர வேண்டியது வடதுருவத்தை ஒட்டிய ஆர்க்டிக் பெருங்கடல். ஆனால் அவள் பிறந்ததோ பெலூகாவின் தெற்குச் சரிவில். வடக்கே போக வேண்டியவளுக்கு எதிரே, பிறந்த மலையே சுவராக நிற்கிறது. ஆகவே ஆறு முதலில் தெற்கே இறங்கி, பின் மேற்கே திரும்பி, கத்தூன் மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டியே ஓடுகிறது. தொடரின் மேற்கு முனையைக் கடந்ததும் வடக்கே வளைகிறது. பின்னர் கோக்சா என்னும் துணையாறு வந்து சேரும் உஸ்த்-கோக்சா என்னும் ஊரருகே கிழக்கே திரும்பி, அதே மலைத்தொடரின் மறுபுறத்தை ஒட்டி ஓடி வருகிறது. இவ்வாறு மூன்று திசைகளில் மலையைச் சுற்றி வந்த பிறகே வடக்கே செல்லும் வழி அவளுக்குத் திறக்கின்றது.

இதில் வியப்பு ஒன்று உண்டு. பெலூகாவின் வடக்குச் சரிவிலும் பனியாறுகள் உள்ளன. அங்கே பிறக்கும் அக்-கெம் என்னும் சிற்றாறு, 40 கிலோமீட்டர் அளவே ஓடி, துங்கூர் என்னும் ஊருக்குக் கீழே கத்தூனில் கலந்துவிடுகிறது. ஒரே சிகரத்தின் வடபுறத்தில் உருகிய துளி 40 கிலோமீட்டரில் அடையும் இடத்தை, தென்புறத்தில் உருகிய துளி 250 கிலோமீட்டருக்கும் மேல் சுற்றிவந்து அடைகிறது. 'அக்' என்றால் துருக்கிய மொழிகளில் வெண்மை. அக்-கெம் என்பதற்கு வெள்ளாறு என்று பொருள். கல்மாவு கலந்த அதன் நிறத்தைக் கண்டவர்கள் வைத்த பெயர் அது.

இன்னொரு துளியின் கதையும் கேளுங்கள். பெலூகாவின் தென்சரிவில் பிறக்கும் வெள்ளைப் பெரேல் என்னும் ஆறு, கத்தூனோடு சேராமல் கஜகஸ்தானுக்குள் இறங்கி, புக்தர்மா ஆற்றின் வழியே இர்திஷ் பேராற்றில் கலக்கிறது. அந்த இர்திஷ், கஜகஸ்தானின் சமவெளிகளைக் கடந்து, மேற்குச் சைபீரியாவில் காந்தி-மான்சீஸ்க் நகரருகே ஓப் ஆற்றில் வந்து சேர்கிறது. கத்தூனின் நீரும் அதே ஓப் ஆற்றில்தான் அங்கே வருகிறது. ஒரு மலையில் பிரிந்த நீர், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களுக்கு அப்பால் மீண்டும் ஒன்று சேர்கிறது.

கத்தூனின் மொத்த நீளம் 688 கிலோமீட்டர். பிறப்பிடத்துக்கும் முடிவிடத்துக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு இதில் பாதிகூட இல்லை. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் புறப்படும் ஆறு, சமவெளியை அடைவதற்குள் அவ்வுயரத்தில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. இத்தனை வேகத்தில் இறங்கும் நீருக்கு ஓய்வு ஏது? பாறைகளில் மோதி நுரைத்துச் செல்லும் இடங்களே இவ்வாற்றில் மிகுதி.

வெண்ணீர் நாட்டைத் தேடியவர்கள்

உஸ்த்-கோக்சாவைத் தாண்டிக் கிழக்கே திரும்பும் இடத்தில் மலைகள் சற்று விலகி நின்று, உய்மோன் என்னும் அகன்ற சமவெளிக்கு இடம் தருகின்றன. இங்கே 18ஆம் நூற்றாண்டில் ரஷ்யர் சிலர் வந்து மறைந்து வாழத் தொடங்கினர். ரஷ்யத் திருச்சபையில் 17ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட வழிபாட்டு மாற்றங்களை ஏற்க மறுத்து, அதனால் துன்புறுத்தலுக்கு உள்ளான 'பழைய வழிபாட்டினர்' அவர்கள். வெள்ளை நீர் ஓடும் ஒரு நாடு கிழக்கே எங்கோ உண்டு, அங்கே வரியும் இல்லை, வன்முறையும் இல்லை, அவரவர் தம் நம்பிக்கைப்படி வாழலாம் என்று ஒரு கதை அவர்களிடையே வழங்கி வந்தது. அதனைப் 'பெலோவோதியே', அதாவது வெண்ணீர் நாடு என்றனர்.

கனவு நாடு கிட்டவில்லை. ஆனால் உண்மையிலேயே வெண்ணீர் ஓடும் ஒரு பள்ளத்தாக்கு கிட்டியது. காடு திருத்திக் கழனி கண்டனர், தேனீ வளர்த்தனர். 1791ஆம் ஆண்டு பேரரசி இரண்டாம் கேத்தரீன், இம்மலைகளில் ஒளிந்து வாழ்ந்தோரை மன்னித்துத் தம் குடிகளாக ஏற்றுக்கொண்டார். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் மேல் உய்மோன் முதலிய ஊர்களில் வாழ்கின்றனர். ஓவியரும் பயணியுமான நிக்கலாய் ரேரிக் 1926ஆம் ஆண்டு இவ்வூரில் தங்கிச் சென்றார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

துணையாறுகளும் தொழுகைச் சமூகமும்

உய்மோனைக் கடந்ததும் ஆறு மீண்டும் மலைகளுக்கிடையே நுழைகிறது. இங்கே இரு பெரும் துணையாறுகள் வலப்புறமிருந்து வந்து சேர்கின்றன.

முதலாவது அர்கூத். மனிதர் எளிதில் நுழைய இயலாத ஆழ்ந்த பள்ளத்தாக்கின் வழியே வருவது. அரிய பனிச்சிறுத்தைகள் எஞ்சி வாழும் இடங்களுள் இதுவும் ஒன்று. இதன் தலையோடைகள் உக்கோக் என்னும் உயர்ந்த மேட்டுநிலத்தில் பிறக்கின்றன. அம்மேட்டுநிலத்தில் 1993ஆம் ஆண்டு நத்தாலியா பொலோஸ்மாக் என்னும் தொல்லியல் அறிஞர், உறைபனிக்குள் புதைந்திருந்த கல்லறை ஒன்றைத் திறந்தார். 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு பெண்ணின் உடல், தோலில் தீட்டிய பச்சைக்குத்துச் சித்திரங்கள்கூட அழியாமல் அங்கே கிடைத்தது. தம் மூதாட்டியைத் திருப்பித் தர வேண்டும் என்று அல்தாய் மக்கள் இடைவிடாது கோரினர். 2012ஆம் ஆண்டு அவ்வுடல் அவர்களுடைய தலைநகரான கோர்னோ-அல்தாய்ஸ்க் நகருக்குக் கொண்டு வரப்பட்டது.

இரண்டாவது துணையாறு சூயா. 320 கிலோமீட்டர் நீளமுடைய இது, மங்கோலிய எல்லையை ஒட்டிய சூயாப் புல்வெளியிலிருந்து வருகிறது. சுற்றிலும் பனிமலைகள், நடுவே மரமற்ற வறண்ட வெளி. மழை மிகக் குறைவு. குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 40 டிகிரிக்கும் அப்பால் இறங்குவதுண்டு. இரட்டைத் திமில் ஒட்டகங்களும் கவரிமாக்களும் அங்கே மேய்கின்றன.

இப்புல்வெளியின் தலைமையூரான கோஷ்-அகாச் வட்டாரத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் கஜாக் முஸ்லிம்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தம் மந்தைகளோடு மலை கடந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். சமய வாழ்வுக்குக் கடும் தடைகள் இருந்த சோவியத் காலம் முடிந்த பின்னர் இங்கே பள்ளிவாசல்கள் எழுந்தன. மறுபாதியினரான தெலெங்கித் என்னும் அல்தாய்ப் பிரிவினர் மலைகளையும் ஊற்றுகளையும் புனிதமாகப் போற்றும் மரபினர். இரு சாராரும் துருக்கிய மொழி பேசுவோர். இரு சாராரும் கால்நடை வளர்ப்போர். ஒரே ஆற்றின் நீரைப் பருகுவோர்.

நிலமே சொல்லும் பழங்கதை

சூயாவின் கரையில் குராய் என்னும் மற்றொரு புல்வெளி உண்டு. அங்கே தரை முழுவதும் அலை அலையாக எழுந்து தாழ்ந்திருக்கும். நம் ஊர் ஆற்று மணலில் நீர் வடிந்த பின் விரலளவு உயரத்தில் வரிவரியாக அலைகள் தெரியும் அல்லவா? அதே வடிவம், ஆனால் இங்கே ஒவ்வொரு வரியும் ஆளுயரத்தைப் பன்மடங்கு மிஞ்சிய கூழாங்கல் மேடு!

இதன் காரணத்தை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் அலெக்சேய் ருதோய் என்னும் நிலவியல் அறிஞர். பனியூழிக் காலத்தில் மலைப் பனியாறுகள் இறங்கி வந்து சூயாவின் போக்கை அடைத்தன. அணைக்கட்டினுள் தேங்குவது போல் நீர் தேங்கி, சூயாப் புல்வெளியும் குராய்ப் புல்வெளியும் பேரேரியாயின. அதில் சுமார் 600 கன கிலோமீட்டர் நீர் இருந்ததாகக் கணக்கிடுகின்றனர். ஒரு நாள் பனியணை உடைந்தது. நொடிக்கு 1 கோடி கன மீட்டர் என்ற அளவில் வெள்ளம் சூயா வழியாகவும் கத்தூன் வழியாகவும் பாய்ந்தது. இன்று கத்தூனில் சமவெளியருகே ஓடும் நீரின் ஆண்டுச் சராசரி நொடிக்கு சுமார் 626 கன மீட்டர் மட்டுமே. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கத்தூனின் இருகரைகளிலும் மாடிப்படி போல் உயர்ந்து நிற்கும் கூழாங்கல் திட்டுகள் அவ்வெள்ளங்கள் விட்டுச் சென்றவையே. அவற்றின் மீதுதான் இன்று ஊர்களும் வயல்களும் பாதைகளும் அமைந்துள்ளன.

அணை உடைந்தால் என்ன நேரும் என்பதை மனிதர் கூறுமுன் இந்நிலமே கூறி வைத்திருந்தது. அடுத்து நாம் காணப்போகும் செய்திக்கு இது தேவைப்படும்.

ஒளியா, ஆறா?

வேகமாக இறங்கும் நீரைக் கண்டால் பொறியாளர்களுக்கு மின்சாரம் நினைவுக்கு வருவது இயல்பே. கத்தூனில் கலக்கும் செமால் என்னும் துணையாற்றில் 1935ஆம் ஆண்டிலேயே ஒரு சிறு நீர்மின் நிலையம் அமைந்தது. பல்லாண்டுகள் சுற்றுவட்டாரத்துக்கு ஒளி தந்த அது, இப்போது மின்சாரம் தருவதில்லை. பயணிகள் கண்டு செல்லும் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

சோவியத் அரசின் திட்டமோ அத்தனை சிறியதன்று. கத்தூனின் குறுக்கே, செமாலுக்கு மேலே, 1,600 மெகாவாட் திறனுள்ள மாபெரும் அணை கட்டுவதென்று முடிவாகி, 1980களில் ஆயத்த வேலைகள் தொடங்கின. மலைச் சிற்றூர்களில் மின்சாரம் போதவில்லை, வெளியிலிருந்து நெடுந்தொலைவு கடந்தே அது வர வேண்டியுள்ளது, அணை வந்தால் வேலையும் வளமும் பெருகும் என்று ஆதரித்தோர் கூறினர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. இருளில் படிக்கும் பிள்ளைக்கு விளக்கு வேண்டும் என்பதை யார் மறுப்பர்?

ஆனால் எதிர்ப்பு எழுந்தது. அணுகுண்டு முதல் அணைக்கட்டு வரை எதனையும் கேள்வி கேட்க இயலாதிருந்த நாட்டில், அப்போதுதான் வாய் திறக்கும் சுதந்திரம் அரும்பியிருந்தது. சைபீரிய ஆறுகளின் நீரை மத்திய ஆசியாவுக்குத் திருப்பிவிடும் பெருந்திட்டம், விஞ்ஞானிகளும் எழுத்தாளர்களும் எதிர்த்ததால் 1986ஆம் ஆண்டு கைவிடப்பட்டிருந்தது. அணையின் நீரில் மூழ்கப்போகும் ஒரு கிராமத்தைப் பற்றி வாலெந்தின் ரஸ்பூத்தின் என்னும் சைபீரிய எழுத்தாளர் 1976ஆம் ஆண்டிலேயே புதினம் எழுதியிருந்தார். அவருடைய சொந்த ஊரே அங்காரா ஆற்றின் அணைக்காக இடம்பெயர்ந்த ஒன்று. எனவே அணை என்பது ஒளி மட்டும் அன்று, இழப்பும் ஆகும் என்பதை மக்கள் அறிந்திருந்தனர்.

கத்தூன் அணையை எதிர்த்தோர் முன்வைத்த காரணங்கள் மூன்று. முதலாவது பாதரசம். சூயாவின் அருகே அக்தாஷ் என்னும் இடத்தில் பாதரசச் சுரங்கம் இயங்கி வந்தது. அந்நிலத்தின் பாறைகளிலேயே பாதரசம் கலந்துள்ளது. ஓடும் நீரில் அது வண்டலோடு அடித்துச் செல்லப்படும். நீர் தேங்கினாலோ வண்டல் அடியில் படியும். மூழ்கிய காடும் புல்லும் அழுக, அங்குள்ள நுண்ணுயிர்கள் பாதரசத்தை மீதைல் பாதரசம் என்னும் கொடிய நஞ்சாக மாற்றும். அது சிறு பூச்சியிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும், முடிவில் உணவுத் தட்டுக்கும் வந்து சேரும். கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை இந்நஞ்சு எங்ஙனம் சிதைக்கும் என்பதை, 1956ஆம் ஆண்டு ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோய் உலகுக்குக் காட்டியிருந்தது. இங்கே அத்தனை ஆபத்து இராது என்று ஆதரவாளர் வாதிட்டனர். இராது என்று உறுதி கூற வல்லவர் யார் என்பதே மற்றவர் கேள்வி.

இரண்டாவது காரணம் நிலநடுக்கம். அல்தாய் இன்னும் உயர்ந்துகொண்டும் நெருங்கிக்கொண்டும் இருக்கும் மலைத்தொடர். மூன்றாவது, மூழ்கவிருந்த பள்ளத்தாக்கு. அங்கேதான் ஊர்களும் மேய்ச்சல் நிலங்களும் இருந்தன. முன்னோர் கல்லறை மேடுகளும் பாறை ஓவியங்களும் அங்கேதான் இருந்தன.

விவாதம் நாடு முழுவதும் பரவியது. நிபுணர் குழுக்கள் ஆராய்ந்தன. சோவியத் ஒன்றியம் கலையும் தறுவாயில் வேலைகள் நின்றன. பின்னர் அதே பகுதியில் சிறிய அளவில் அணை கட்டும் யோசனை மீண்டும் எழுந்தது; அதுவும் கட்டப்படவில்லை. கத்தூன் இன்றும் தடையின்றி ஓடுகிறது.

நிலம் நடுங்கிய நாள்

அணைக்கான வேலைகள் நின்று பல ஆண்டுகளுக்குப் பின், 2003ஆம் ஆண்டு செப்டம்பர் 27 அன்று, சூயா வட்டாரத்தை 7.3 அளவுடைய நிலநடுக்கம் உலுக்கியது. பெல்தீர் என்னும் கிராமம் வாழத் தகுதியற்றதாயிற்று. மக்கள் வேறிடத்தில் புதிய பெல்தீரை அமைத்துக்கொள்ள நேர்ந்தது. அணையிருந்தால் அது தாங்கியிருக்குமா, உடைந்திருக்குமா என்று நாம் தீர்ப்புக் கூற இயலாது. அணை அமையவிருந்த இடம் அங்கிருந்து தொலைவில் உள்ளது என்பதும் உண்மை. ஆனால் எச்சரித்தவர்கள் வீணாக அச்சுறுத்தவில்லை என்பதை அந்நாள் எல்லார்க்கும் உணர்த்தியது.

தடையற்ற ஆறு தீங்கே செய்யாது என்றும் கூறிவிட முடியாது. 2014ஆம் ஆண்டு மே மாத இறுதியில் பெய்த பெருமழையால் கத்தூனும் அதன் துணையாறுகளும் பெருக்கெடுத்துப் பாலங்களை உடைத்து, வீடுகளுக்குள் புகுந்தன. ஆற்றோடு வாழ்வோர் ஆற்றின் கோபத்தையும் ஏற்கவே வேண்டியுள்ளது.

அப்படியானால் விளக்குக்கு என்ன வழி? விடை ஆற்றில் இல்லாமல் வானில் கிடைத்தது. மேகம் குறைந்த சூயாப் புல்வெளியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் கோஷ்-அகாச்சில் 5 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் பின்னர் அல்தாயின் பிற பகுதிகளிலும் இத்தகைய நிலையங்கள் பெருகின. இரவிலும் மூட்டமான நாளிலும் அவை உதவா என்பது மெய்யே. ஆயினும் பள்ளத்தாக்கை மூழ்கடிக்காமலும் ஒளி பெறலாம் என்பதற்கு அவை சான்றாயின.

சீமாட்டியும் தலைவனும்

செமாலுக்குக் கீழே மலைகள் படிப்படியாகத் தாழ்கின்றன. கோடையில் பனியாற்று நீர் மிகுந்து பால்வெண்மையாகவும் கலங்கலாகவும் ஓடும் கத்தூன், இலையுதிர் காலத்தில் குளிர் தொடங்கி உருகுதல் நின்றதும், கல்மாவு குறைந்து, பச்சையும் நீலமும் கலந்த மணிநிறம் பெறுகிறது. அந்நிறத்தைக் காணவென்றே ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். விடுதிகளும் கடைகளும் கரையை நெருக்குகின்றன. அணையிலிருந்து தப்பிய ஆறு, தன்னை நேசித்து வருவோரின் குப்பையிலிருந்தும் தப்ப வேண்டியுள்ளது.

எழுத்தாளரும் நடிகருமான வாசிலி சுக்ஷின் பிறந்த ஸ்ரோஸ்த்கி என்னும் ஊரைக் கடந்து, பீஸ்க் நகருக்கு அருகே கத்தூனின் பயணம் முடிகிறது. அங்கே கிழக்கிலிருந்து பியா என்னும் ஆறு வந்து சேர்கிறது. 325 மீட்டர் ஆழமுள்ள தெலெத்ஸ்கோயே ஏரியில் பிறந்து 301 கிலோமீட்டர் ஓடிவரும் தெளிந்த நீர் அது. இரண்டும் கூடியவுடன் கலந்துவிடுவதில்லை. ஒருபுறம் வெண்மையும் மறுபுறம் தெளிவுமாகச் சற்றுத் தூரம் அருகருகே ஓடிய பின்னரே நிறம் ஒன்றாகிறது.

'பிய்' என்றால் துருக்கிய மொழிகளில் தலைவன். 'பேக்' என்பது அதே பட்டத்தின் மற்றொரு வடிவம். நம் இல்லத்துப் பெண்களின் பெயரில் வரும் 'பேகம்' பிறந்ததும் அதிலிருந்தே. அல்தாய் மக்களிடையே ஒரு பழங்கதை பல வடிவங்களில் வழங்குகிறது. அல்தாய் கானின் மகள் கத்தூன், பிய் என்னும் இளைஞனைச் சேரவேண்டித் தந்தையின் காவலை மீறி ஓடினாளாம். தந்தை வீரர்களை ஏவி வழி மறித்தாராம். அவள் நிற்கவில்லை. பிடிக்கத் தவறிய வீரர்கள் கல்லாயினராம். சமவெளியின் விளிம்பில் தனித்து நிற்கும் பாபிர்கன் மலை, கடைசி வரை துரத்திவந்த வீரன் என்பர். வளைந்து வளைந்து ஓடும் ஓர் ஆற்றின் போக்கை ஒரு குழந்தைக்கு விளக்க இதைவிட எளிய வழி உண்டோ?

இருவரும் கூடிய இடத்தில் இரு பெயர்களும் மறைந்து ஓப் என்னும் பேராறு பிறக்கிறது. அங்கிருந்து 3,650 கிலோமீட்டர் வடக்கே ஓடி, ஆர்க்டிக் பெருங்கடலின் ஒரு பகுதியான காரா கடலில் அது சேர்கிறது. பர்னவுலும் நோவோசிபிர்ஸ்கும் அதன் கரை நகரங்கள்.

எஞ்சி நிற்கும் கேள்வி

கத்தூனின் தலைப்பகுதி 1991ஆம் ஆண்டு முதல் பாதுகாக்கப்பட்ட இயற்கை வனமாக உள்ளது. 1998ஆம் ஆண்டு 'அல்தாயின் பொன்மலைகள்' என்ற பெயரில் பெலூகாவும் உக்கோக்கும் தெலெத்ஸ்கோயே ஏரியும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அங்கே மரம் வெட்டவோ வேட்டையாடவோ இயலாது.

ஆனால் எந்தச் சட்டமும் வெப்பத்தை வாயிலில் நிறுத்தி வைக்க இயலாதே! கெப்ளர் 1835இல் கண்ட பனியாற்றின் முனை இன்று அவ்விடத்தில் இல்லை. மேலே மேலே பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. பெலூகாவின் மற்றப் பனியாறுகளும் அவ்வாறே. உருகுதல் மிகும்போது சில காலம் ஆற்றில் நீர் கூடுதலாக வரும். சேமிப்பைச் செலவழிப்பவன் சில நாள் செல்வனாகத் தோன்றுவது போன்றதே அது. சேமிப்புக் கரைந்த பின் கோடைக்கால நீரும், அந்நீரால் வாழும் புல்வெளியும் என்னாகும்?

அணையை நிறுத்த ஒரு பள்ளத்தாக்கின் மக்களும் அவர்களோடு நின்ற அறிஞர்களும் போதுமானவர்களாய் இருந்தனர். பனியாற்றைக் காக்க அவர்கள் மட்டும் போதார். அதனை உருக்கும் புகை அங்கிருந்து மட்டும் எழுவதன்று. உலகின் எல்லா நகரங்களிலிருந்தும், எல்லா நெடுஞ்சாலைகளிலிருந்தும் எழுவது. அதில் நம் வீட்டுப் பங்கும் சிறிது உண்டு.

அடுத்த முறை காத்தூன் என்ற பெயரை எங்கேனும் கேட்கும்போது, பெலூகாவின் தெற்குச் சரிவில் பால்நிறத்தில் புறப்பட்டு, வழி கிடைக்கும் வரை மலையைச் சுற்றி நடக்கும் அந்தச் சீமாட்டியையும் ஒரு கணம் நினைவுகூருங்கள். வீட்டுப் பிள்ளைகளிடம் உலகப் படத்தைத் தந்து, பெலூகாவிலிருந்து காரா கடல் வரை அவள் வழியை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.